ஆகாயத்திலும் ஒரு வேலி

வேலி என்பது பூமியில் போடக்கூடிய பொருள் என்றே நம் முன்னோர்கள் நினைத்திருந்தார்கள். கொல்லைக்கு முள் வேலி, தோட்டத்துக்குக் கிளுவை வேலி, வயலுக்கு வரப்பு. இவற்றுக்கு அப்பால் வேறு வேலி உண்டென்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆகாயத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அங்கே காக்கைக்கும் இடம் உண்டு. கருடனுக்கும் இடம் உண்டு. ஆனால் மனிதன் ஆகாயத்தில் ஏறியதும் அவனுடைய வேலியும் கூடவே ஏறிவிட்டது. அந்த வேலி கண்ணுக்குத் தெரியாது. காகிதத்தில் எழுதப்பட்டு, ஆசனங்களை எண்ணி அளக்கப்பட்ட வேலி அது. 76 ஆசனம் வரையில் ஒரு ஜாதி விமானி. 77-வது ஆசனத்திலிருந்து வேறு ஜாதி விமானி!

பாடாலூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கா தேசத்து விமானிகளின் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது ஊர் திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. சின்ன வெங்காயமும், பருத்தியும், மக்காச்சோளமும் இந்தச் சுற்றுவட்டாரத்தின் செல்வங்கள். பெரம்பலூர் ஜில்லாவிலும் சரி, பக்கத்து அரியலூர் ஜில்லாவிலும் சரி, பிரயாணிகள் ஏறி இறங்கும் விமான நிலையம் ஒன்று கூடக் கிடையாது. ஆனால் வானம் பொய்த்த வருஷங்களில் பூமியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் கடல் கடந்து போன பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர். சிங்கப்பூரிலும் துபாயிலும் ஷார்ஜாவிலும் குவைத்திலும் அவர்கள் சிந்திய வியர்வைதான் இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் கூரையாகவும், தங்கைமார் கழுத்தில் தாலியாகவும் மாறியிருக்கிறது. அவர்கள் போவதும் வருவதும், ஒரு மணி நேரத்துப் பிரயாண தூரத்திலுள்ள திருச்சி விமான நிலையத்தின் வழியாகத்தான். அவர்களை ஏற்றிச் செல்லும் விமானத்தின் முன்னறையில் உட்கார்ந்திருப்பவர் யார், முந்தின இரவு அவர் தூங்கினாரா, அவருக்கு என்ன சம்பளம், நாளைக்கும் வேலை இருக்கும் என்ற நிச்சயம் அவருக்கு உண்டா என்பவையெல்லாம் நம் வீட்டு விஷயங்கள் அல்லாமல் வேறு யார் வீட்டு விஷயங்கள்?

முதலில் நமக்குத் தெரிந்த பூமியிலிருந்தே தொடங்குவோம். 1997-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் சிற்றூர்களுக்கென்று மினி பஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய பஸ் எட்டிப் பாராத கிராமத்துக்குச் சிறிய பஸ் போகட்டும் என்பது நோக்கம். ஆனால் சிறிய பஸ்ஸை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் என்ன நேரும்? மேடும் பள்ளமுமான கிராமச் சாலையை மறந்துவிட்டு, கூட்டம் நிற்கும் பெரிய சாலைக்கு வந்து, பெரிய பஸ்ஸின் வசூலில் கை வைக்கும். ஆகவே அதற்கு வேலி போட்டார்கள். வழித்தடம் மொத்தம் 20 கிலோமீட்டர்; அதில் ஏற்கெனவே பஸ் ஓடும் சாலையில் 4 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது; இருக்கைகளுக்கும் உச்சவரம்பு உண்டு. 2025 ஜூன் 16-ந் தேதி தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்ட புதிய திட்டத்திலோ தூரம் 25 கிலோமீட்டராயிற்று. அதில் குறைந்தது 65 சதவிகிதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். வேலி சற்று நகர்ந்ததே தவிர வேலி போகவில்லை.

இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அமெரிக்காவின் ஆகாய வேலி ஒரு கஷ்டமும் தராது. வித்தியாசம் ஒன்றுதான். இங்கே சிறிய பஸ்ஸுக்கு வேலி போட்டது சர்க்கார். அங்கே சிறிய விமானத்துக்கு வேலி போட்டவர்கள், பெரிய விமானத்தை ஓட்டும் விமானிகள்.

அந்தக் கதை இது. அமெரிக்க விமானிகள் 1931-ஆம் வருஷத்திலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1978 வரையில் அந்த நாட்டில் எந்தக் கம்பெனி எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் சர்க்காரே நிர்ணயித்து வந்தது. அந்த வருஷம் ஒரு சட்டம் செய்து கட்டுக்களை அவிழ்த்துவிட்டார்கள். போட்டி மூண்டது. பெரிய கம்பெனிகள் ஓர் உபாயம் கண்டன. சிற்றூர்களிலிருந்து பிரயாணிகளைத் திரட்டிப் பெரிய நகரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் சிறிய கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. விமானத்தின் வாலில் பெரிய கம்பெனியின் சின்னம். சீட்டில் பெரிய கம்பெனியின் பெயர். பணிப்பெண் சொல்லும் வரவேற்பிலும் பெரிய கம்பெனியின் பெயர். ஆனால் ஓட்டுகிறவர் சிறிய கம்பெனியின் விமானி. வாங்குவது சிறிய கம்பெனியின் சம்பளம்.

பெரிய கம்பெனியின் விமானிகள் விழித்துக்கொண்டார்கள். இன்றைக்கு முப்பது ஆசனம், நாளைக்கு ஐம்பது, மறுநாள் நூறு என்று வளர்ந்துகொண்டே போனால், ஒரு நாள் தங்கள் வேலை முழுவதும் பாதிச் சம்பளக்காரர்களின் கைக்குப் போய்விடாதா? ஆகவே தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் அதை 'ஸ்கோப்' பிரிவு என்கிறார்கள். நாம் 'எல்லைப் பிரிவு' என்று சொல்லலாம். இன்ன அளவுக்கு மேற்பட்ட விமானத்தை எங்களைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது என்பது அதன் சாரம். முதலில் எல்லை ஐம்பது ஆசனத்தை ஒட்டி இருந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக இன்ஸால்வென்ஸி கோர்ட்டின் வாசலில் போய் நின்றபோது, கம்பெனியைக் காப்பாற்றுவதற்காக விமானிகள் எல்லையை விட்டுக்கொடுத்தார்கள். 70 ஆயிற்று, 76 ஆயிற்று. அத்துடன் ஆளைப் போலவே விமானத்தையும் தராசில் ஏற்றினார்கள். புறப்படும்போது 86,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 39,000 கிலோவுக்கு மேல் எடை இருக்கக் கூடாது என்றார்கள்.

வேலி என்று ஒன்று போட்டால் வேடிக்கையும் கூடவே வரும். ஐக்கிய அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான யுனைடெட் என்ன செய்தது தெரியுமா? 70 பேர் உட்காரக்கூடிய ஜெட் விமானத்தை எடுத்து, 2019-இல் அதில் 50 ஆசனங்கள் மட்டும் வைத்துப் பறக்க விட்டது. ஐம்பதுக்கு உட்பட்ட விமானங்களின் கணக்கில் அது சேர வேண்டும் அல்லவா? மிஞ்சிய இடத்தில் பெட்டி வைக்க அலமாரிகள் செய்தார்கள்; தின்பண்டங்கள் வைக்க ஒரு மூலை ஒதுக்கினார்கள். காலி இடத்தைச் சுமந்துகொண்டு ஒரு விமானம் ஒப்பந்தத்துக்கு மரியாதை செய்துகொண்டு பறக்கிறது! ஜப்பான் தேசத்து மிட்சுபிஷி கம்பெனியின் கதை இன்னும் பரிதாபம். சொந்த நாட்டில் பிரயாணி ஜெட் விமானம் செய்ய வேண்டும் என்ற சுதேசி ஆசையால் பல வருஷம் பாடுபட்டது. அந்த விமானம் அமெரிக்க எல்லைப் பிரிவின் தராசில் எடை மிஞ்சி நின்றது. வேறு தொல்லைகளும் தாமதங்களும் சேர்ந்துகொள்ள, 2023 பிப்ரவரியில் முயற்சியையே கைவிட்டார்கள். பிரேஸில் தேசத்து எம்பரேர் கம்பெனி செய்த புதிய இஞ்சின் பொருத்திய விமானத்தையும் அதே தராசு தடுத்தது. எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும் புதிய இஞ்சின் பழைய இஞ்சினைவிட எடை அதிகம் என்பதே அதன் குற்றம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, "சங்கத்துக்காரர்களின் பிடிவாதத்தைப் பார்த்தீர்களா!" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஒரு மிராசுதாரரின் களத்தை நினைத்துப் பாருங்கள். பத்து வருஷமாக வேலை செய்யும் ஆட்களுக்கு ஒரு கூலி. வேலியின் மறுபுறத்தில், பாதிக் கூலிக்கு வரத் தயாராக நிற்கும் வேறு ஆட்கள். மிராசுதாரர் ஒவ்வொரு வருஷமும் ஒரு வயலை மட்டும் அந்தப் புறம் மாற்றிக்கொண்டே வருகிறார். யாரையும் அவர் வேலையிலிருந்து நீக்குவதில்லை. யாருடைய கூலியையும் குறைப்பதில்லை. ஆனாலும் சில வருஷங்களில் பழைய ஆட்களுக்கு வேலையும் இராது, கூலி கேட்க வாயும் இராது. எல்லைப் பிரிவு இல்லாத தொழிற்சங்க ஒப்பந்தம், கரையில்லாத ஏரியைப் போன்றது. தண்ணீர் எவ்வளவு நிரம்பினாலும் மடைக்கு வருமுன் வழிந்து போய்விடும். வேலி போட்டவர்களின் பயம் உண்மையான பயம்; அதை நாம் பரிகசிக்க முடியாது.

ஆனால் வேலிக்கு இரண்டு புறம் உண்டு. மறுபுறத்தில் நின்றவர்களும் விமானிகள்தானே? 2001-ஆம் வருஷம் மார்ச் மாதம் 26-ந் தேதி, டெல்டா கம்பெனிக்குச் சொந்தமான காம்ஏர் என்ற சிறிய கம்பெனியின் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 89 நாள் நடந்தது. டெல்டாவின் சின்னத்தை வாலில் தாங்கிப் பறக்கும் எங்களுக்கு ஏன் இந்தச் சம்பளம் என்பது அவர்கள் கேள்வி. இதில் விசேஷம் என்னவென்றால், பெரிய விமானிகளும் சிறிய விமானிகளும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்கள். சிறிய விமானிகள் சிலர், பெரியவர்களின் நன்மைக்காக எங்கள் வளர்ச்சிக்கு வேலி போட்டாயே என்று, அதே வருஷத்தில் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயே பாகப் பிரிவினை!

அந்தப் பிரிவினையின் விலையைப் பணத்தில் மட்டும் கணக்கிட முடியாது. 2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன ஒரு விமானம் இறங்கும் தறுவாயில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்கள். சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் என்ற சிறிய கம்பெனி. கான்டினென்டல் ஒப்பந்தத்தின் வேலி ஜெட் விமானங்களுக்கே. விசிறி வைத்த விமானத்துக்கு அந்த வேலியில் வாசல் இருந்தது. அந்த வாசல் வழியாக வந்த 74 ஆசன விமானம் அது. வேகம் குறைந்துவிட்டது என்று விமானம் எச்சரித்தபோது தலைமை விமானி செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார் என்று விசாரணை முடிவு கண்டது. அதே விசாரணையில் வேறு சில விஷயங்களும் வெளிவந்தன. துணை விமானியாக இருந்த இளம் பெண், வேலைக்கு வருவதற்காக நாட்டின் மறுகரையிலிருந்து இரவு முழுவதும் பறந்து வந்தவர். வேலை பார்க்கும் ஊரில் வாடகை கொடுத்து வசிக்கும் அளவுக்கு அவருடைய சம்பளம் இல்லை. உறங்க இடமில்லாத கண்களிடம் ஐம்பது உயிர்களை ஒப்படைத்திருந்தார்கள் என்பதை அந்தத் தேசம் அன்றுதான் தெரிந்துகொண்டது.

மாண்டவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. விடாமல் முறையிட்டதன் பயனாக 2010-இல் ஒரு சட்டம் வந்தது. துணை விமானியாவதற்கும், பொதுவாக, 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்ற விதி அதன்படி 2013-இல் அமலுக்கு வந்தது. இன்னொரு விதியும் அந்தச் சட்டத்தில் உண்டு: சீட்டு விற்கும்போதே, இந்த விமானத்தை உண்மையில் ஓட்டுவது எந்தக் கம்பெனி என்று பிரயாணிக்குத் தெரிவித்துவிட வேண்டும். முகமூடி போட்டுக்கொள்ளலாம்; ஆனால் முகமூடி போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும்!

அமெரிக்கா நிற்க. நம் தேசத்துக்கு வருவோம். 1932 அக்டோபர் 15-ந் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் ஒற்றை இஞ்சின் விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அதைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்ட்சென்ட். அப்போது பெரிய விமானம், சிறிய விமானம் என்ற பேதம் இல்லை. பறப்பதே பெரிய காரியம். சுதந்திரம் வந்த பிறகு, 1953-இல், சர்க்கார் விமானக் கம்பெனிகளைத் தேசத்தின் சொத்தாக்கியது. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டு ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. அதுவே நம் ஆகாயத்தின் முதல் வரப்பு. பிறகு 1981-இல் சிறிய ஊர்களுக்கென்று வாயுதூத் பிறந்தது. 1990-களின் ஆரம்பத்தில் அது தஞ்சாவூருக்குக்கூடப் பறந்துவிட்டு, பிரயாணிகள் போதாமல் நின்றுபோயிற்று. 1996-இல் அலையன்ஸ் ஏர். 2005-இல் வளைகுடா நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பறப்பதற்காக ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் பழக்கமான பெயர் இந்தக் கடைசிப் பெயர்தான். தாய் ஸ்தாபனத்தில் நிரந்தர உத்தியோகம். குழந்தை ஸ்தாபனங்களில் இத்தனை வருஷத்துக்கு என்று கெடு வைத்த உத்தியோகம். இப்படி ஒரே குடும்பத்தில் பல அடுப்புகள் எரிந்தன.

2007-இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சர்க்கார் ஒன்றாக்கிவிட்டது. காகிதத்தில் வரப்பு அழிந்தது, மனத்தில் அழியவில்லை. சம்பளத்தில் சமத்துவம் கேட்டு, பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் 2011-இல் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு வருஷம் எதிர்ப் பக்கத்தின் முறை. புதிதாக வரவிருந்த போயிங் 787 என்ற பெரிய விமானத்தில் இரு பக்கத்து விமானிகளுக்கும் பயிற்சி என்று நிர்வாகம் சொல்லிற்று. அந்த விமானங்கள் எங்கள் ஸ்தாபனத்துக்கென்று வாங்கப்பட்டவை, எங்கள் பதவி உயர்வு என்னாவது என்று பழைய ஏர் இந்தியாவின் விமானிகள் சங்கம் எதிர்த்தது. 2012 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் 58 நாள் நடந்து, ஜூலை 3-ந் தேதி டில்லி ஹைகோர்ட்டில் முடிவுக்கு வந்தது. இடையில் சங்கத்தின் அங்கீகாரம் போயிற்று; சுமார் நூறு விமானிகளின் உத்தியோகம் பறிபோயிற்று; வெளிநாட்டுப் பிரயாணங்கள் பல ரத்தாயின.

அந்த 58 நாள் சண்டையில் முதலாளி யார், தொழிலாளி யார் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. சண்டை உண்மையில் விமானிக்கும் விமானிக்கும் இடையே நடந்தது. பெரிய விமானம் யாருடைய கொல்லை என்பதே வழக்கு. ஆசனக் கணக்கில் அமெரிக்கா போட்ட வேலியை, நாம் பிறந்த வீட்டுக் கணக்கில் போட்டோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒரு பையன் விமானியாக வேண்டும் என்று பிடிவாதம் செய்தான். விமானம் ஓட்டிச் சம்பாதிக்கும் அநுமதிச் சீட்டுக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணி நேரம் ஒவ்வொன்றும் ஆயிரக் கணக்கில் விலை பெறும். கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தில் ஒரு பகுதி கை மாறிற்று. பையன் தேறிவிட்டான், இரட்டை விசிறி வைத்த சிறிய விமானத்தில் வேலையும் கிடைத்தது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, பெரிய ஜெட் விமானம் ஓட்டுகிறவருக்கும் தனக்கும் சம்பளத்தில் உள்ள தூரத்தை அவன் விளக்கிக்கொண்டிருந்தான். திண்ணையில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த அவனுடைய பாட்டி கேட்டாள்: "ஏன் ராசா, சின்ன விமானம் விழுந்தா சின்னச் சாவா சாவாங்க?"

பையன் பதில் சொல்லவில்லை. சட்ட நிபுணர்களும் சங்கத் தலைவர்களும் கம்பெனி அதிபர்களும் பல வருஷங்களாகச் சுற்றிச் சுற்றி வரும் விஷயத்தின் நடு மையத்தில் அந்தக் கிழவி போய் உட்கார்ந்துவிட்டாள் என்று நமக்குப் பட்டது. பெரிய விமானத்தை ஓட்டுகிறவருக்குக் கூடுதல் சம்பளம் தருவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அநுபவத்துக்கும் பொறுப்புக்கும் மதிப்புத் தர வேண்டியதுதான். ஆனால் ஓய்வும், பயிற்சியும், நாளைய வேலையின் நிச்சயமும் ஆசனக் கணக்கில் கூடிக் குறைய வேண்டியவை அல்ல.

2024 அக்டோபர் 11-ந் தேதி மாலை நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. 140 பேருக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன், எண்ணெயைத் தீர்ப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது வானத்தில் வட்டமிட்டது. கீழே ஆம்புலன்ஸ் வண்டிகளும் தீயணைக்கும் வண்டிகளும் வரிசையாக நின்றன. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சமயபுரத்தாளையும் சிறுவாச்சூர் மதுர காளியையும் வேண்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. விமானிகள் இருவரும் பதறாமல் அதைப் பத்திரமாக இறக்கினார்கள். ஓட்டியது தாய்க் கம்பெனியா, குழந்தைக் கம்பெனியா என்று அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை. தலைக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் தெளிந்த கண்ணும் தேர்ந்த கையும் உடையவராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே எல்லாருடைய பிரார்த்தனை.

அப்படியானால் அந்தத் தெளிந்த கண்ணை எது காப்பாற்றும்? ஒரு சங்கம் தன் அங்கத்தினருக்கு மட்டும் போட்டுக்கொள்ளும் வேலி காப்பாற்றாது. எல்லாருக்கும் பொதுவான கரை ஒன்றே காப்பாற்றும். நம் நாட்டில் அதற்கு ஓர் ஆரம்பம் உண்டு. விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவு நேரத்தில் விமானம் இறக்கும் தடவைகளைக் குறைத்தும், சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் 2024 ஜனவரியில் விதிகள் செய்தார். பெரிய கம்பெனிக்கு ஒன்று, சிறிய கம்பெனிக்கு ஒன்று என்று இல்லாமல் பொதுவாகச் செய்த விதிகள். விமானிகளின் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போன பிறகே அவை அமலுக்கு வந்தன. கடைசிப் பகுதி 2025 நவம்பர் 1-ந் தேதி வந்தது. அடுத்த மாதமே நடந்ததை நாடு பார்த்தது. தேசத்தின் மிகப் பெரிய கம்பெனியான இண்டிகோவில், புதிய விதிக்குப் போதுமான விமானிகள் இல்லை. டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மகாஜனங்கள் விமான நிலையங்களில் தரையில் படுத்தார்கள். கடைசியில் சர்க்கார் அந்தக் கம்பெனிக்குச் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. கரையை உயர்த்திய கையே அதில் ஓர் உடைப்பும் வெட்டிவிட்டது!

சிறிய விமானமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் நூற்றெண்பது ஆசன விமானம் வராது. சாதாரண மக்களும் பறக்க வேண்டும் என்று சர்க்கார் வகுத்த உடான் திட்டத்தில், 2017 ஏப்ரல் 27-ந் தேதி சிம்லாவிலிருந்து டில்லிக்கு முதலில் பறந்தது அலையன்ஸ் ஏரின் சிறிய விமானம். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்ற வரம்புக் கட்டணமும் தொடக்கத்தில் அதில் இருந்தது. சேலத்துக்கு 2018-இல் விமானம் வந்ததும், இடையில் நின்று 2023-இல் மறுபடி வந்ததும் அந்தத் திட்டத்தால்தான். சிறிய ஊருக்குச் சிறிய விமானமே துணை. ஆகவேதான் அதை ஓட்டுகிறவருடைய வாழ்வு சிறுத்துப் போகக் கூடாது என்கிறோம். ஏணியின் முதற்படி பலமாக இருந்தால்தான் மேற்படியில் நிற்பவனும் பத்திரமாக நிற்பான். அமெரிக்கப் பெரிய விமானிகளின் பயமெல்லாம் எங்கிருந்து வந்தது? கீழே ஒருவன் பாதிச் சம்பளத்துக்கு நிற்கிறான் என்பதிலிருந்து வந்தது. அவனை மேலே தூக்கிவிட்டிருந்தால் பயத்துக்கும் இடமில்லை, வேலிக்கும் வேலையில்லை.

2022 ஜனவரி 27-ந் தேதி ஏர் இந்தியா மறுபடி டாட்டாவின் கைக்குப் போயிற்று. அலையன்ஸ் ஏர் அந்த விற்பனையில் சேராமல் சர்க்காரிடமே தங்கிவிட்டது. 2024-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவுடனும், முன்பு ஏர் ஏசியா இந்தியா என்றிருந்த கம்பெனி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடனும் கலந்தன. மறுபடியும் பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2007-இல் போட்ட பந்தியில் என்ன நடந்தது என்பது தெரிந்த பிறகும், இலைக்கு இலை வித்தியாசம் வைத்துப் பரிமாறினால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே பெயரைத் தாங்கிப் பறக்கும் விமானிகள் அனைவருக்கும் ஒரே ஏணி இருக்க வேண்டும். சிறிய விமானத்தில் தொடங்கியவன் காலக்கிரமத்தில் பெரிய விமானத்தின் தலைமை ஆசனத்தை அடையும் வழி எழுத்திலே இருக்க வேண்டும். அந்த வழியைக் கேட்டு வாங்குவதே விமானிகளின் சங்கங்களுக்கு அழகு; தம் அடுப்பை மட்டும் காத்துக்கொள்வது அழகல்ல. ஓய்வு விதிகளை எந்தக் கம்பெனிக்காகவும் தளர்த்தக் கூடாது. சீட்டு வாங்கும் ஒவ்வொரு பிரயாணிக்கும், தன்னை ஏற்றிச் செல்வது உண்மையில் யார் என்பது முதலிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.

பஸ் பிரயாணத்தில், "டிரைவர் அண்ணே, ராத்திரி தூங்கினீங்களா?" என்று விசாரிக்கும் பழக்கம் நம் ஜில்லாவில் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. விமானத்தின் முன்னறைக் கதவு சாத்தியிருப்பதால் நாம் அப்படிக் கேட்க முடிவதில்லை. நம் சார்பில் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் சட்டசபையும், பார்லிமெண்டும், பத்திரிகையும் இருக்கின்றன. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.